கோலமாவும் கண்ணாடிச் சில்லும் (கேள்வி – பதில்)

கே: அமெரிக்காவில் என் வயதுப் பையன்கள், வீட்டுப் பரணில் புகுந்த ரக்கூனையும் அணிலையும் கூண்டு வைத்துப் பிடித்துக் கொடுத்துச் சம்பாதிப்பதை வீடியோவில் பார்த்தேன். எனக்கு 16 வயது. எங்கள் ஊரிலும் பாம்பு, குரங்கு, மரநாய், எலி எல்லாம் தாராளமாக இருக்கின்றன. ஒரு பைக், ஒரு கூண்டு, ஒரு விசிட்டிங் கார்டு... தொழில் தொடங்கிவிடலாமா சார்?
– பிளஸ் ஒன் மாணவர், லால்குடி

ப: தொடங்கலாம் தம்பி. அதற்கு முன்னால் ஒரு பேனாவை எடு. உன் பட்டியலில் நாலு பேர் இருக்கிறார்கள். பாம்பு, குரங்கு, மரநாய் மூன்றையும் அடித்துவிடு. பைக்கையும் அடித்துவிடு, 18 ஆகட்டும். மிச்சம் எலியும் கூண்டும் விசிட்டிங் கார்டும். ஒரு தொழிலுக்கு இது போதும்.

ஏன் அடிக்கச் சொல்கிறேன் என்றால், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கிற விளக்கம் மிகப் பெரியது. சுட்டால்தான் வேட்டை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சட்டப்படி பிடிப்பதும் வேட்டை, பொறி வைப்பதும் வேட்டை, அதற்கு முயற்சி செய்வதும் வேட்டை. குரங்கு உள்ளே வராமலே போனாலும், நீ கூண்டு வைத்தது கணக்கில் வந்துவிடும். 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி என்றால் சிறையே மூன்று ஆண்டில்தான் தொடங்கும், ஏழு வரை போகும். கல்லூரி வயதை அங்கே கழிக்க வேண்டாம்.

அந்த அமெரிக்கப் பையன்களும் நினைத்தபடி கூண்டு வைத்துவிட முடியாது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பல இடங்களில் லைசென்ஸ் வேண்டும். ரக்கூன் ரேபிஸ் பரப்பும் என்பதால், பிடித்ததை வேறு ஊரில் கொண்டுபோய் விடுவதற்குப் பல மாநிலங்களில் தடை இருக்கிறது. வீடியோவில் கூண்டுக் கதவு டப்பென்று விழுவதைக் காட்டுவார்கள். அந்தத் தொழிலில் உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான். ஏணி போட்டுக் கூரையில் ஏறி, பிராணி நுழைந்த பொந்தைக் கண்டுபிடித்து, கம்பி வலை அடித்து மூட வேண்டும். நீ கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் கடைசி வேலையைத்தான்.

கே: எலிப்பொறி கடைக்குக் கடை கிடைக்கிறது. மசால்வடை வைக்கவும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஓர் ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பார்களா?
– இல்லத்தரசி, மன்னார்குடி

ப: வடை வைக்கத் தெரியும் அம்மா. எங்கே வைப்பது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று மாதம் பொறி வைத்தோம். வாரத்துக்கு ஒன்று விழுந்தது. விழ விழ வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் ராத்திரி சமையலறைத் தரையில், சுவர் ஓரமாக, கோலமாவைச் சல்லடையில் சலித்து மெல்லிசாகத் தூவிவிட்டுப் படுத்தோம். காலையில் பார்த்தால் அழகான பாதை. சின்னச் சின்னக் கால் தடங்கள், நடுவே வால் இழுபட்ட கோடு. பருப்பு டப்பா இருக்கிற அலமாரிப் பக்கமாக இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். தடம் நேரே அடுப்பு மேடைக்கு அடியில் போய், வெளியே வைத்திருக்கிற சிலிண்டரிலிருந்து கேஸ் டியூப் உள்ளே வருகிற ஓட்டையில் முடிந்தது. டியூபைச் சுற்றி ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி. எலிக்கு அது ராஜபாட்டை. சுண்டெலிக்கு அவ்வளவுகூட வேண்டாம், பென்சில் நுழைகிற ஓட்டை போதும்.

பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை அதில் நெருக்கமாகத் திணித்து, மேலே சிமெண்டைப் பூசினோம். அந்தக் காலத்தில் கொத்தனார் சிமெண்டோடு கண்ணாடிச் சில்லும் சேர்த்துப் பூசுவார். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் அது கொறித்துக்கொண்டே இருக்கும். மரம், பிளாஸ்டிக், வெறும் மண் எதுவும் அதற்குத் தடை கிடையாது. கம்பியும் கண்ணாடியும்தான் நிற்கும். வழியை அடைத்த பிறகு, உள்ளே மாட்டிக்கொண்ட ஒன்றிரண்டுக்குப் பொறி வைத்தோம். அத்தோடு சரி.

பொறி வைப்பதிலும் நுணுக்கம் உண்டு. புதிதாக ஒரு பொருளைப் பார்த்தால் எலி சந்தேகப்படும். அதனால் முதல் மூன்று ராத்திரி பொறியை இழுத்து மாட்டாமல், தீனியை மட்டும் வைத்துத் தின்னவிட வேண்டும். பழகிய பிறகு நான்காவது ராத்திரி மாட்ட வேண்டும். அறையின் நடுவில் வைத்தால் விழாது, மீசை சுவரில் உரச ஓரமாகவே ஓடுகிற ஜீவன் அது. சுட்ட தேங்காய்ச் சில்லும் கருவாடும் வடைக்குச் சளைத்தவை இல்லை.

இவ்வளவையும் ஒரு பையன் வந்து பார்த்து, தடம் பிடித்து, ஓட்டையை அடைத்துக் கொடுத்தால் நான் சந்தோஷமாகக் காசு கொடுப்பேன். நீங்களும் கொடுப்பீர்கள்.

கே: எலிக்கு இவ்வளவு என்று ரேட் போடலாமா, வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கலாமா? (எலிக் கணக்கு நிறைய வரும் போலிருக்கிறது.)
– மீண்டும் அதே லால்குடி மாணவர்

ப: கணக்கு உன்னை இழுக்கிறது, தெரிகிறது. 1902-இல் ஹனோய் நகரத்துக்கு ஒரு நடை போய்வா. பிளேக் பயத்தில் அங்கே பிரெஞ்சு அரசு எலிக்குப் பரிசு அறிவித்தது. முழு எலியைச் சுமந்து வர வேண்டாம், வாலைக் கொண்டுவந்தால் போதும் என்றது. வால்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. கொஞ்ச நாளில் தெருவில் வாலில்லாத எலிகள் ஓடுவதைப் பார்த்தார்கள். வாலை மட்டும் நறுக்கிவிட்டு, குட்டி போடட்டும் என்று எலியை விட்டுவிட்டார்கள் ஜனங்கள்! ஊருக்கு வெளியே எலி வளர்க்கவே தொடங்கிவிட்டார்கள். திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

எலிக்கு ரேட் போட்டால் எலி தீர்ந்துவிடக் கூடாது என்று உன் மனசின் ஒரு மூலை ஆசைப்படும். வீட்டுக்கு ரேட் போடு. பார்வையிடுவதற்கு ஒரு சின்னத் தொகை, அடைக்கிற ஓட்டைக்கு ஏற்ப ஒரு தொகை. ‘ஒரு மாதத்துக்குள் திரும்ப வந்தால் காசில்லாமல் வந்து பார்ப்பேன்’ என்று கார்டின் பின்பக்கத்தில் அச்சடி. எலி வராமலிருப்பதுதான் உன் லாபமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. 18 வயதுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தம் செல்லாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அது. கல்கத்தாவில் மைனர் ஒருவர் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய வழக்கில், 1903-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அந்த அடமானம் அடியோடு செல்லாது என்று தீர்ப்பானது. கடன் கொடுத்தவர் கை வெறுங்கை. அதனால் ரைஸ்மில், ஹோட்டல் என்று பெரிய இடங்களில் எழுதிக் கொடுக்க வேண்டியது வந்தால் அப்பாவோ அம்மாவோ போடட்டும். சேமிப்புக் கணக்கை மட்டும் உன் பெயரிலேயே தொடங்கு. 10 வயது தாண்டியவர்கள் தாங்களே கணக்கு நடத்த ரிசர்வ் வங்கி இடம் கொடுத்திருக்கிறது.

கே: விஷம் வைத்தால் வேலை சுலபம்தானே?
– மளிகைக் கடைக்காரர், திண்டிவனம்

ப: வைக்கிற வேலை சுலபம் அண்ணாச்சி. செத்த எலி உங்கள் மூட்டைச் சந்துக்குள் நாறும்போது தேடுகிற வேலை யாருடையது? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்குத் தமிழ்நாட்டில் நிரந்தரத் தடையே போட்டிருக்கிறார்கள். பார்ப்பதற்குப் பற்பசை மாதிரி இருக்கும். உள்ளே போனால் கல்லீரலைத் தின்றுவிடும். வீட்டில் குழந்தை இருக்கிறது, கடையில் அரிசி இருக்கிறது. ஒரு சிறுவன் கையில் விஷ டப்பாவைக் கொடுத்து அனுப்புவதை நான் எந்தக் காரணத்துக்கும் ஒப்ப மாட்டேன்.

ஒட்டுகிற அட்டையும் வேண்டாம். அதில் சிக்கிய எலி தோல் கிழிய இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடந்து சாகும். கூண்டோடு வாளித் தண்ணீரில் முக்குவதும் அதே ரகம். கொல்லத்தான் வேண்டுமென்றால் ஒரே அடியில் முடிகிற ஸ்பிரிங் பொறி. பயிரையும் அரிசியையும் காப்பாற்ற எலியைக் கொல்கிறோம், அதைச் சித்திரவதை செய்ய நமக்கு உரிமை இல்லை.

கே: என் மகனுக்குப் பாம்பைக் கண்டால் பயமே இல்லை. சாரையை வாலைப் பிடித்துத் தூக்கிவிடுகிறான். பாம்பு பிடிக்கிற தொழிலுக்கு விடலாமா?
– பெருமைப்படும் தந்தை, பண்ருட்டி

ப: விடாதீர்கள். 2022 ஜனவரியில் கேரளத்தின் வாவா சுரேஷைக் கோட்டயம் பக்கத்தில் நாகம் தொடையில் கடித்தது. ஆயிரக்கணக்கில் பாம்பு பிடித்தவர். பிடித்ததைச் சாக்கில் போடுகிற நேரத்தில் கடி விழுந்தது. வென்டிலேட்டரில் இருந்துதான் பிழைத்து வந்தார். பயமில்லாதது தகுதி ஆகாது. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்று 2000 முதல் 2019 வரையிலான மரணங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் போடுங்கள். கேரள வனத்துறை பாம்பு மீட்பவர்களுக்குப் பயிற்சியும் சான்றும் கொடுத்து, ‘சர்ப்பா’ என்ற செயலியில் அவர்களை இணைத்திருக்கிறது. மகனுக்கு வயது வந்ததும் அந்த மாதிரிப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அதுவரை எலியை ஒழிக்கட்டும். எலி இல்லாத வீட்டில் பாம்புக்கு என்ன வேலை?

கே: பொய்க்கூரைக்குள் மரநாய் குட்டி போட்டிருக்கிறது. ராத்திரியெல்லாம் உருட்டல்!
– தூக்கமில்லாதவர், சென்னை

ப: குட்டிகள் வளர்ந்து தாயோடு வெளியே போகிறவரை பொறுங்கள். காலி என்று உறுதியான பிறகு ஓட்டையை மூடி, கூரையைத் தொடும் மரக்கிளையை வெட்டுங்கள். குட்டி உள்ளே இருக்கும்போது மூடினீர்களோ, தாய் உங்கள் கூரையையே பிரித்துவிடும்.

கே: படிக்கிற பிள்ளை எலி பிடிக்கப் போகிறேன் என்கிறான். சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?
– கவலையுள்ள தாய், செங்கல்பட்டு

ப: உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே பதில் இருக்கிறது அம்மா. 2023-இல் பத்மஸ்ரீ வாங்கிய வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இருளர்கள், பாம்பு பிடிப்பவர்கள். 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அவர்களை அழைத்துப் போனார்கள். பர்மிய மலைப்பாம்பு அங்கே பெருகி, காட்டுப் பிராணிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. வந்திறங்கிய எட்டே நாளில் அவர்கள் குழு 13 மலைப்பாம்புகளைப் பிடித்தது. அதில் ஒன்று 16 அடி. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் இந்தியாவில் பாம்புக்கடி மருந்தின் பெரும்பகுதி தயாராகிறது.

பல வருஷம் முன்னால் அறுவடை முடிந்த ஒரு வயலில், இருளர் பெண் ஒருவர் எலி வளை வெட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வரப்பில் ஏழெட்டு வளை வாய்கள். ஈரமண் புதிதாகக் கிடந்ததை மட்டும் தொட்டுப் பார்த்து, ‘இதுலதான் இருக்கு’ என்றார். உடனே வெட்டவில்லை. சுற்றி வந்து, மண் மெல்லிசாக மூடிக் கிடந்த ஓர் இடத்தைக் காலால் அழுத்தினார். எலி அவசரத்துக்கு வைத்திருக்கிற கொல்லைவாசல் அது. அதை முதலில் அடைத்துவிட்டு, அப்புறம்தான் அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைப் பற்றவைத்து, வளைக்குள் புகை ஊதினார். ஊதி ஊதி அவர் உதட்டோரம் வெந்து தழும்பாகியிருந்தது. பிற்பாடு கையால் சுற்றுகிற விசிறி வைத்த இரும்புக் கருவி வந்தது. அது எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வளைக்குள்ளிருந்து அன்று அவர் அள்ளிய நெல்லை முறத்தில் புடைத்தபோது, இரண்டு படிக்குக் குறையவில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு கார்டு அச்சடித்தால் தொழில் முனைவோர் என்போம், அந்தப் பெண்மணி செய்தால் எலி பிடிக்கிறவள் என்போம். அந்தப் பேச்சு எனக்குக் கோபத்தைத் தருகிறது. உங்கள் மகனை ஒரு விடுமுறை முழுக்க இருளர்களோடு அனுப்புங்கள், கற்றுக்கொடுப்பதற்கு உரிய கூலியோடு. சொந்தக்காரர்கள் வீட்டில் எலி வரும்போது அவர்களே போன் பண்ணுவார்கள்.

கே: சார், முதல் வேலை முடிந்தது! பக்கத்து வீட்டுப் பாட்டி காசு கொடுத்துவிட்டார். என்ன வாங்கலாம்?
– லால்குடி மாணவர், மூன்றாம் கடிதம்

ப: முழங்கால் வரை வருகிற கம்பூட்ஸ். கூடவே கனமான ரப்பர் கையுறை. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கிற சின்ன வெடிப்பு வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரும், சிறுநீரகம் வரை பாதிக்கும். சாக்கடை ஓரத்தில் வேலை செய்த நாலைந்து நாளிலோ இரண்டு வாரத்திலோ காய்ச்சல் வந்தால், நான் எலி பிடிக்கிறவன் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல். பூட்ஸ் வாங்கிய பிறகு மிச்சம் இருந்தால், பாட்டிக்கு ஒரு கிலோ கோலமாவு வாங்கிக் கொடு. அவர்கள் வீட்டு மாவை நீதான் தீர்த்திருப்பாய்.