பக்கத்து வீட்டில் நிற்கும் ஊஃபர்

ஹோம் தியேட்டர் வாங்கப் பணம் இருந்தால் போதும். அதைச் சரியாக ஒலிக்கவைக்க வீட்டில் எல்லோரும் ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பணம் புரட்டுவது சுலபம்.

ரிசீவரோடு ஒரு குட்டி மைக் தருகிறார்கள். நாம் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அதை நிறுத்த வேண்டும். ஸ்பீக்கர்கள் முறைவைத்து 'வுய்ங்' என்று கூவும். எது எவ்வளவு தூரம், எதற்கு எவ்வளவு சத்தம் என்று மைக் அளந்து சொல்லும். ஃபேன் கூடாது, ஏசி கூடாது. சித்திரை மாதச் சென்னையில் இதற்குப் பெயர் விரதம். இடது ஸ்பீக்கர் முடிந்து சென்டர் ஸ்பீக்கர் வாயெடுக்கும்போது குக்கர் விசிலடித்தது. பிழை, முதலிலிருந்து. அடுப்பை அணைத்தால் தெருவில் கீரைக்காரம்மா. மறுபடியும் பிழை.

ஒருவழியாக முடிவு வந்தது. எங்கள் ஹாலின் நீளமே 14 அடி. பேஸ் ஒலிக்கான ஊஃபர் பெட்டி 19 அடி தள்ளி நிற்கிறதாம். அதாவது பக்கத்து ஃப்ளாட்டின் சமையலறையில்.

"பில் இருக்கா? திருப்பிக் குடுத்துடலாம்" என்றாள் மனைவி.

மைக் சொன்னது சரிதான். ஒலி ஓர் அடியைக் கடக்கச் சுமார் 1 மில்லிசெகண்ட் ஆகும். ஊஃபருக்குள் இருக்கும் சர்க்யூட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதிக்கும். அந்தத் தாமதத்தையும் மைக் தூரமாகவே எழுதிவிடுகிறது. டேப் வைத்து அளந்து அதைத் 'திருத்துகிறவர்கள்' சத்தத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது, ஊஃபருக்கு இடம் பார்ப்பது. அதைத் தூக்கிச் சோபாவில் உட்காரவைத்து, பாட்டை ஓடவிட்டு, நாம் தரையில் தவழ வேண்டும். பேஸ் எங்கே திரளாமல், தேயாமல் சீராகக் கேட்கிறதோ, அதுதான் அதற்கான இடம். மூலையில் வைத்தால் பேஸ் குவிந்து 'கும்'மென்று அடைக்கும். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது மாமியார் வந்தார்.

"திருகாணியா மாப்ளே?"

பதிலுக்குக் காத்திராமல் அவரும் குனிந்து தேடினார். டிவி ஸ்டாண்டுக்கு அடியில் நிஜமாகவே ஒரு திருகாணி கிடைத்தது. கல்யாணத்தன்று தொலைந்ததாம். இந்த வீட்டில் ஹோம் தியேட்டரால் கிடைத்த ஒரே லாபம் என்று அதை இன்றும் காட்டுகிறார்கள்.

ஊஃபருக்கு உத்தமமான இடம் சமையலறை வாசலில் அமைந்தது. பேச்சுவார்த்தை நடந்து, ஷோகேஸ் பக்கத்தில் முடிவானது. மறுநாளே அதன்மேல் கைக்குட்டைத் துணி விரித்துப் பூச்சாடி ஏறியது. 1995-இல் டால்பி ஸ்டீரியோவில் வந்த 'குருதிப்புனல்' போலத் துப்பாக்கி வெடிக்க வேண்டும் என்பது என் ஆசை. வெடிக்கும்போதெல்லாம் பூச்சாடி ஓர் அங்குலம் நகர்கிறது.

துப்பாக்கியாவது எப்போதோ. சீரியல் தினமும் உண்டு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் ஊஃபருக்குப் போகட்டும் என்று வைத்திருப்பதால், வில்லி திரும்பிப் பார்க்கும் மூன்று முறையும் கட்டிடம் அதிர்கிறது. கீழ்வீட்டுக்காரர் கதை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நீங்களும் அளக்கப்போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். எல்லாம் முடிந்தபின் சென்டர் ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றிக்கொள்ளுங்கள். வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. "இப்ப என்ன சொன்னான்?" என்று பக்கத்திலிருந்து யாரும் கேட்காவிட்டால், உங்கள் ஹோம் தியேட்டர் சரியாக இருக்கிறது.