போரூருக்கு அடுத்த வாசல்: ஐயப்பன்தாங்கல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஐயப்பன்தாங்கலைச் சுற்றியே இருந்தன. ஆகவே பக்கம் முழுவதையும் அந்த ஊருக்கே கொடுத்துவிட்டேன்.

போரூர் வாசகி: ஐயப்பன்தாங்கல் சென்னையா, காஞ்சிபுரமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

காஞ்சிபுரம்.

ஒரு வார்த்தை போதாது என்பவர்களுக்குக் கொஞ்சம் விவரம். தபால் முகவரியில் சென்னை 600056 என்று எழுதுகிறோம். ஆனால் ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில், குன்றத்தூர் ஒன்றியத்தில் உள்ள கிராம ஊராட்சி. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது போரூர் பேரூராட்சி உள்ளே போனது. எல்லைக்கோடு ஐயப்பன்தாங்கலுக்கு முன்பே நின்றுவிட்டது. 2018-ல் சென்னை மாவட்ட எல்லையை மாநகராட்சி எல்லைக்கு இணையாக விரித்தார்கள். அப்போதும் ஊர் வெளியேதான். மேற்கே அடுத்த நிறுத்தமான காட்டுப்பாக்கமோ திருவள்ளூர் மாவட்டம். போரூரில் பஸ் ஏறி, டிக்கெட்டை மடித்துப் பையில் வைப்பதற்குள் மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிடலாம்.

ஐயப்பன்தாங்கல் வாசகர்: அப்படியானால் கலெக்டரிடம் மனுக் கொடுக்க நாங்கள் எங்கே போக வேண்டும்?

காஞ்சிபுரத்துக்கு. சென்னை கலெக்டர் அலுவலகம் பாரிமுனையில் இருக்கிறது, ஊரிலுள்ள பஸ் டிப்போவில் ஏறினால் போய்விடலாம். ஆனால் அங்கே உங்கள் மனுவை வாங்க மாட்டார்கள். ஒரு நாள் கூலியை இழந்து காஞ்சிபுரம் போய் வரும் முதியவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை, காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

பூந்தமல்லி கல்லூரி மாணவர்: மவுண்ட்–பூந்தமல்லி சாலை இந்த ஊருக்காகப் போட்டதா?

இல்லை தம்பி, பட்டாளத்துக்காக. பரங்கிமலையில் ஆங்கிலேயரின் ராணுவக் குடியிருப்பு இருந்தது. பூந்தமல்லியிலும் அவர்களுடைய படைநிலையம் ஒன்று. இரண்டையும் இணைத்த சாலையின் ஓரத்தில் வயலும் ஏரியுமாக இருந்த ஊர்களில் இதுவும் ஒன்று. 1985-ல் போரூரில் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி வந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிப்பைத் தொடங்கியது. பிறகு மணப்பாக்கத்தில் ஐ.டி. வளாகங்கள். கிழக்கே மருத்துவமனையும் கம்ப்யூட்டரும், மேற்கே தொழிற்சாலை. நடுவில் வாடகை கட்டுப்படியாகும் ஊர் எது என்று தேடியவர்கள் எல்லாம் இங்கே வந்து இறங்கினார்கள்.

ராமாபுரம் வாசகர்: ஐயப்பன்தாங்கல் என்றாலே டிப்போதான் நினைவுக்கு வருகிறது. சரியா?

சரிதான். விலாசம் கேட்டால் யாரும் கோயிலைச் சொல்வதில்லை. “டிப்போவுக்கு முன்னாடி”, “டிப்போ தாண்டி லெஃப்ட்” என்றுதான் வழி சொல்வார்கள். மாநகராட்சிக்கு வெளியே இருக்கும் ஊரை மாநகரத்தோடு முதலில் கட்டிப்போட்டது மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்தான். அரசாணையில் சேராத ஊர், பஸ் வழித்தடத்தில் எப்போதோ சென்னையில் சேர்ந்துவிட்டது.

காட்டுப்பாக்கம் வாசகி: மெட்ரோ வந்தால் வாடகை ஏறுமா?

ஏறும். தூண் எழும்பியபோதே ஏறத் தொடங்கிவிட்டது என்று வாடகைக்கு இருப்பவர்கள் சொல்கிறார்கள். கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டர் நீளும் நான்காவது வழித்தடம் இது. கோடம்பாக்கம் வரை நிலத்தடியில் வந்து, அதற்குப் பிறகு மேம்பாலத்தில் ஏறுகிறது. ராமச்சந்திரா மருத்துவமனைக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் நடுவே ஐயப்பன்தாங்கல் டிப்போ நிலையம். 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே முதல் சோதனை ஓட்டம் நடந்தது. ஓட்டுநர் இல்லாமலே இயங்கக்கூடிய மூன்று பெட்டி ரயில். வாடகை ஒப்பந்தம் போடும்போது, ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா.

பரணிபுத்தூர் வாசகர்: நாலு நாள் மழை பெய்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வானத்தைக் குறை சொல்வதா, வார்டு மெம்பரைக் குறை சொல்வதா?

இரண்டு பேரையும் விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். இதற்கு மட்டும் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வட்டாரத்தின் கதையே இதில்தான் இருக்கிறது.

இங்கே ஏரிகள் தனித்தனியாக வெட்டப்படவில்லை. மேட்டு ஏரி நிரம்பினால் உபரி அடுத்த ஏரிக்கு, அதுவும் நிரம்பினால் அதற்கடுத்ததற்கு, கடைசியில் அடையாற்றுக்கு என்று ஒரே சங்கிலி. ஏரிக்கரையில் இரண்டு அமைப்புகள் இருக்கும். மதகு வயலுக்குத் தண்ணீர் விடுவது. கலங்கல் உபரியை வெளியேற்றுவது. பழைய கலங்கலை அருகே போய்ப் பார்த்தால் அதன் முதுகில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பது தெரியும். பருவமழை முடியும் நேரத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே பலகை கொடுத்து, மண் வைத்து அடைப்பார்கள். கோடைக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மழை பலமாக இருந்தால் அதே அடைப்பை எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு ஏரிக்கும் இதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இருந்தார்.

வயல் மனையானது. மனைக்கு மதகு எதற்கு என்று மதகு தூர்ந்தது. கலங்கலிலிருந்து இறங்கும் வாய்க்கால், வரைபடத்தில் வாய்க்காலாகவும் நேரில் தெருவாகவும் மாறியது. காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல் பக்கத்து மழைநீர் போரூர் ஏரிப் பக்கம் இறங்கும். அங்கே நிரம்பியதும் அடையாற்றுக்கு வழி தேடும். வழியில் பரணிபுத்தூர், பெரியபணிச்சேரி, மவுலிவாக்கம், முகலிவாக்கம், கொளப்பாக்கம், மணப்பாக்கம். 2015-லும் 2021-லும் நீரில் நின்ற ஊர்களின் பட்டியலைப் பாருங்கள், இதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். 2021-க்குப் பிறகு போரூர் ஏரியின் உபரியை அடையாற்றுக்குக் கொண்டுபோக நீர்வளத்துறை மூடுகால்வாய்கள் கட்டத் தொடங்கியது. நல்ல வேலை. ஆனால் கால்வாயின் வாய்க்குத் தண்ணீர் வந்து சேர்வது உங்கள் தெரு வடிகாலின் பொறுப்பு. அதைத் தூர்வாரும் கடமை ஊராட்சியுடையது. எனவே கேட்க வேண்டிய இடம் அதுதான். செப்டம்பருக்குள் கேளுங்கள். நவம்பரில் கேட்டால் படகுதான் வரும்.

முகலிவாக்கம் வாசகி: மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் தண்ணீர் லாரி. இது என்ன ஊர்?

சென்னைக்கே தண்ணீர் கொடுக்கும் வட்டாரம், அம்மா. மேற்கே செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அங்கே 2007 முதல் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இயங்குகிறது. அந்தத் தண்ணீர் போரூர் வழியே நகரத்துக்குப் போகிறது. 2017-லும் 2019-லும் சென்னை வறண்டபோது மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரையும் எடுத்துப் போனார்கள். ஊருக்கெல்லாம் பந்தி பரிமாறும் வீட்டில் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்கும் நிலைமை இது. குழாய் போகும் வழியிலுள்ள ஊர்களுக்கு அந்தக் குழாயில் ஒரு பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கெருகம்பாக்கம் வாசகர்: ஐயப்பன்தாங்கலில் ஃப்ளாட் வாங்கலாமா?

வாங்கலாம், நான்கு காகிதங்களைப் பார்த்துவிட்டு. வில்லங்கச் சான்றும் பட்டாவும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கிராம வரைபடத்தையும் பாருங்கள். மனையின் புல எண்ணுக்குள்ளோ ஒட்டியோ ஓடை, வாய்க்கால், ஏரி உட்புறம் என்று ஏதாவது இருக்கிறதா? நான்காவது, மண் பரிசோதனை அறிக்கை. கேட்டால் விற்பவர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

2014 ஜூன் 28 மாலை, பெருமழை நேரத்தில், பக்கத்து மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். பக்கத்திலேயே நின்ற அதன் இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். வாங்குபவருக்கு அது ஒரு வீடு, கட்டுகிறவருக்கு உயிர். மண் அறிக்கையைக் கேட்பது இருவருக்காகவும்தான்.

அம்பத்தூர் வாசகி: விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு நாள் சுற்ற அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

ஒன்பது கிரகமும் இருக்கின்றன! கும்பகோணம் போகாமலே பார்க்கலாம். கொளப்பாக்கத்தில் சூரியன், சோமங்கலத்தில் சந்திரன், பூந்தமல்லியில் செவ்வாய், கோவூரில் புதன், போரூரில் குரு, மாங்காட்டில் சுக்கிரன், பொழிச்சலூரில் சனி, குன்றத்தூரில் ராகு, கெருகம்பாக்கத்தில் கேது. தொண்டை மண்டல நவக்கிரகத் தலங்கள் என்று இவற்றைச் சொல்வார்கள். ஒன்பதும் சிவன் கோயில்கள். ஐயப்பன்தாங்கலை நடுவில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி கைக்கெட்டும் தூரம்.

சாமியோடு நிறுத்திவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு ஆட்களையும் சொல்லுங்கள். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். திருமழிசை ஆழ்வாரின் ஊர் பூந்தமல்லிக்கு மேற்கே. ராமானுஜர் குருவாக மதித்த திருக்கச்சி நம்பி பிறந்தது பூந்தமல்லி. கோவூருக்கு வந்த தியாகராஜர் அங்குள்ள சுந்தரேசுவரர் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். கோவூர் பஞ்சரத்தினம் என்று இன்றும் கச்சேரிகளில் கேட்கலாம். ஒரு நாளில் எல்லாம் முடியாது. குன்றத்தூரையும் கோவூரையும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், மாங்காட்டு அம்மனை மாலையில்.

வளசரவாக்கம் வாசகர்: என் மகன் வேலை விஷயமாக இந்தோனேசியா போயிருக்கிறான். அங்கேயும் நகரத்தோரக் கிராமங்களுக்கு இதே பாடுதானா?

பாடு ஒன்றுதான், சட்டம் கொஞ்சம் வேறு. அங்கே கிராமத்துக்கு ‘தேசா’ என்று பெயர். நாடு முழுக்க சுமார் 75,000 இருக்கின்றன. தலைவரை ஊர் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2014-ல் கிராமங்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2015 முதல் தேசிய பட்ஜெட்டிலிருந்து ஒவ்வொரு தேசாவுக்கும் கிராம நிதி போகிறது. கிராமம் நகரமாகிவிட்டால் அதை ‘கெலுராஹான்’ ஆக்கலாம். அப்படி ஆனால் தேர்ந்தெடுத்த தலைவர் போய், நியமிக்கப்பட்ட அரசு ஊழியர் வந்து உட்காருவார். ஆகவே அந்த மாற்றத்தைக் கிராமமே கூடிப் பேசி முன்மொழிய வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். இந்த ஒரு விதியைத்தான் நான் பொறாமையோடு பார்க்கிறேன். நம் ஊரில் அரசு அறிவிக்கை போடும், ஆட்சேபம் கேட்கும், முடிவை அரசே எடுக்கும்.

ஐயப்பன்தாங்கல் அடுக்குமாடி வாசகி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எங்களை மாநகராட்சியில் சேர்க்கலாமா, கூடாதா?

ஊர் கூடிக் கேட்டால் சேர்க்கலாம். கேட்காமல் சேர்த்தால் நான் எதிர்ப்பேன்.

சேர்ந்த மறுநாளே பாதாளச் சாக்கடை வந்துவிடாது. 2011-ல் சேர்ந்த போரூர்ப் பகுதியில் அந்த வேலைக்காகத் தெருக்கள் ஆண்டுக்கணக்கில் தோண்டிக் கிடந்தன. வீட்டு வரி கூடும். கிராம சபை என்பதே இருக்காது. இன்னொரு பக்கம், இத்தனை மாடிகளின் கழிவுநீரை லாரியில் உறிஞ்சி எடுத்தே எத்தனை காலம் ஓட்டுவது? வயல்காட்டு ஊருக்குப் போட்ட அமைப்பு இவ்வளவு ஜனத்தைத் தாங்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து மாங்காடும் குன்றத்தூரும் 2021-ல் நகராட்சி ஆயின. மாநகராட்சிதான் வழி என்றில்லை, நடுவே அப்படியும் ஒரு படி உண்டு. மூன்றையும் எடைபோட்டுச் சொல்ல வேண்டியது நீங்கள்.

அதே வாசகி, அதே கடிதத்தில்: கிராம சபைக்கெல்லாம் எங்களைப் போன்றவர்கள் போகலாமா?

நீங்கள் போகாததால்தான் இவ்வளவு பேச்சு! ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். பத்தாயிரத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊராட்சியில் 300 பேர் இருந்தால்தான் கோரம். இரண்டு பெரிய அடுக்குமாடிகள் மனசு வைத்தால் அந்தக் கணக்கை அவர்களே நிரப்பிவிடலாம். போனால் முதலில் வரவு-செலவு அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள், உதாரணத்துக்கு உங்கள் தெரு வடிகால். பத்துக் கோரிக்கை வைத்தால் பத்தும் காற்றில் போகும். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

ஐயப்பன்தாங்கலில் வாடகைக்கு இருக்கும் ஐ.டி. ஊழியர்: சொந்த ஊர் தேனி. எனக்கும் அங்கே பேச உரிமை உண்டா?

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். சொந்த வீடா, வாடகை வீடா என்று சட்டம் கேட்பதில்லை. உங்கள் பெயர் இன்னும் தேனியில் இருந்தால் இங்கே உங்களுக்கு வாக்கும் இல்லை, சபையில் இடமும் இல்லை. படிவம் 8-ஐ இணையத்திலேயே நிரப்பி முகவரி மாற்றிக்கொள்ளுங்கள். கேஸ் பில்லோ வங்கிக் கணக்குப் புத்தகமோ இந்த முகவரியில் இருந்தால் போதும். இங்கே கடைசியாக ஊராட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில், பதவிக்காலம் ஐந்தாண்டு. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இன்றைக்கே விண்ணப்பியுங்கள், தம்பி.