வேருக்கு இட்ட விருந்து

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் விருட்சங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்துச் சென்ற பின்னர், புறநகர் நூம்பலிலே கால்மனை வாங்கிய நம் போன்ற கிருகஸ்தர், புண்ணியமும் நிழலும் ஒருங்கே சித்திக்கும்பொருட்டு அரசையும் வேம்பையும் தம்பதி சமேதராய் நட்டுவைக்கும் இடம், பெரும்பாலும் கழிவுநீர்க் குழாயின் நேர்மேலே அமைந்துவிடுகிறது. வேருக்கு ஆசாரம் கிடையாது. பழைய மண்குழாயின் சிமென்ட் மூட்டில் கசியும் ஈரத்தை நாடி, மயிரிழை வெடிப்பினுள் நுழைந்து, அங்கே கிட்டும் போஷணையில் சடைசடையாய்ச் செழிக்கிறது. குழாய் அடைத்துக்கொண்டதும் மயில்துத்தம் கொட்டுகிறோம், கம்பியால் குத்துகிறோம். வெட்டிய வேர் இரட்டித்துத் துளிர்க்கிறது. கசியாமல் ஒட்டிய பிவிசி குழாயைப் பதித்து, மரத்தைப் பத்தடி தள்ளி நடலாமே என்பீர்கள்; நடலாம்தான், ஆனால் பத்தடி தள்ளினால் அங்கே இருப்பது அடுத்த வீட்டாரின் குழாய்.