வட்டிக்கார மாமனும் கை நிறைஞ்ச ரோபோவும்

வாங்க மாப்ளே, ஏன் மூஞ்சி தொங்கிக் கிடக்குது? கோடி ரூபாய் ரோபோ நடுராத்திரியில நின்னுடுச்சா? பழுதும் இல்லை, கரண்டும் போகலையா? அப்போ அது மேல தப்பே இல்லை. நீங்க சொன்னதை அட்சரம் பிசகாம செஞ்சிருக்குது.

மெஷின்ல வேலை முடிஞ்ச பீஸ் உட்கார்ந்திருக்கும், அதை எடுக்க ரோபோ வரணும். ரோபோ கையிலயோ புதுப் பீஸ், அதை வைக்க மெஷின் காலியாகணும். ரெண்டும் "நீங்க முதல்ல"ன்னு விடிய விடிய உபசாரம் பண்ணிக்கிட்டு நிக்குது. 1971லயே காஃப்மன்ங்கற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிங்க ரெண்டு பேரும் இதுக்கு நாலு காரணம் எழுதி வெச்சாங்க: ஒரு இடத்துல ஒருத்தர்தான் இருக்கலாம், கையில இருக்கறதை விடாமலே அடுத்ததைக் கேட்கறது, யாரும் பிடுங்க முடியாது, காத்திருப்பு வட்டமா சுத்தி வர்றது. நாலும் கூடினாத்தான் இப்படிப் பூட்டு விழும். ஒண்ணை உடைச்சாப் போதும். நீங்க உடைச்சது மேனேஜர் தூக்கத்தை.

மெஷின் சும்மா கிடக்குதேன்னு வேலையை உள்ளே தள்றீங்களே, அங்கதான் வினை. பெட்டியில பணம் இருக்குதுன்னு நான் கேட்டவனுக்கெல்லாம் குடுக்கறனா? மொத்தம் எவ்வளவு வேணும்னு முதல்லயே கேட்டுக்குவேன். இவனுக்குக் குடுத்தது போக மிச்சத்துல ஒருத்தனாவது தொழிலை முடிச்சுத் திருப்பிக் கட்டுவானா, அதை வெச்சு அடுத்தவன் முடிப்பானா, கடைசி ஆள் வரைக்கும் கணக்குப் பார்த்துட்டுத்தான் சாவியையே எடுப்பேன். டைக்ஸ்ட்ராங்கற டச்சுக்காரர் 1965ல இதையே கம்ப்யூட்டருக்கு எழுதினார். பேரு மட்டும் பேங்கர் கணக்கு! வட்டிக்காரன் கணக்குன்னு வெச்சிருந்தா ஊர்ல எனக்கும் நாலு கும்பிடு விழுந்திருக்கும்.

பீஸுக்கு மாத்துப் பாதை இருக்குதுங்கறீங்க. நல்லதுதான். ரெண்டு மெஷின்ல எதுலயும் செய்யலாம்னா, ரெண்டும் அடைச்சாத்தான் அது மாட்டும். ஆனா காலையிலயே "இது இந்த மெஷினுக்கு"ன்னு முடிச்சுப் போட்டுட்டு, வர்ற விருந்தாளிக்கெல்லாம் "எங்க ஃபேக்டரி வளைஞ்சு குடுக்கும்"னு காட்டறீங்களே! முடிவைக் கடைசி நிமிஷம் வரைக்கும் தள்ளிப்போடுங்க. உங்க ஆபீசுக்குப் பழகினதுதானே.

அவசரத்துக்கு, ரோபோ பக்கத்துல கையில இருக்கறதை இறக்கி வைக்க ஒரு ஸ்டாண்டு போடுங்க. மனசிருந்தா ரெட்டை கிரிப்பர் வாங்குங்க. காசு பத்தலைன்னா நம்மகிட்டயே வாங்க, மாசம் ரெண்டு வட்டிதான். மொத்தம் எவ்வளவு வேணும்னு மட்டும் முதல்லயே சொல்லிடுங்க.