தண்ணிக் கழிவு

தெல்தோட்டை, கலஹா பக்கத்துத் தோட்டங்களில் மழை நாளில் கொழுந்து நிறுத்தால், தராசு காட்டுகிற எடையை அப்படியே எழுதமாட்டார்கள். இலையோடு தண்ணியும் வருகிறதாம். கிலோக் கணக்கில் வெட்டுவார்கள். சாக்குக்கு இன்னொரு வெட்டு. மிஞ்சியது குறித்த கிலோவுக்கு வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கம்பனிக் காசில் ஏறிவிடக்கூடாது என்ற இந்தக் கண்ணும் கருத்தும் கொழும்பிலே, சுகாதார அமைச்சிலே, ஒரேயொரு மேசைக்காவது வாய்த்திருக்கலாம்.

வாய்க்கவில்லை. அமைச்சு தண்ணி வாங்கியது. அதுவும் உப்புத் தண்ணி. ஹியூமன் இம்யூனோகுளோபியூலின் என்பது இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற எதிர்ப்புப் புரதம். நரம்பு தளர்ந்து கைகால் விழுந்தவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி அற்றுப்போன குழந்தைகளுக்கும் ஏற்றுவார்கள். அந்தப் பெயரில் வந்தவை 22,500 குப்பிகள். செலவு 13 கோடி ரூபாவுக்கு மேல். நோயாளிகளுக்கு ஒவ்வாமை கண்டபிறகு 2023இல் சோதித்துப் பார்த்தால், இருக்கவேண்டிய மருந்து உள்ளே இல்லை. சேலைனும் பக்டீரியாவும்தான் என்று நீதிமன்றத்துக்குச் சொல்லப்பட்டது. குப்பி ஒன்று 5,700 ரூபாவைத் தாண்டுகிறது. அன்றைக்குத் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபா. ஆறு நாள் அட்டைக்கடிக்கு ஒரு குப்பி உப்புத் தண்ணி, அதுவும் இந்தியா தந்த கடனில். தண்ணி போய்விட்டது, கடன் நிற்கிறது.

அப்போதைய சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல. அன்றைக்கு எங்கள் கண்டி மாவட்டத்து எம்.பி. நாங்களே விருப்பு வாக்குப் போட்டு அனுப்பிய சரக்கு. இதைச் சுங்கத்தின் தலையில் கட்டமுடியாது. 2023 செப்டெம்பரில் அவர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. ஆதரவு 73, எதிர்ப்பு 113. ஆய்வுகூடத்தில் தேறாத விவகாரம் பாராளுமன்றத்தில் நாற்பது வாக்கு வித்தியாசத்தில் தேறியது. அடுத்த மாதமே அவருக்குச் சுற்றாடல் அமைச்சு. காற்றுக்கும் காட்டுக்கும் ஊசி போடத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள். 2024 பெப்ரவரியில் கைது, செப்டெம்பரில் பிணை, பிறகு அவர்மீதும் அதிகாரிகள் உட்பட வேறு பலர்மீதும் குற்றப்பத்திரிகை. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். 113 பேர் எதைக் கண்டு நம்பிக்கை வைத்தார்கள் என்பதை எந்த நீதிமன்றம் கேட்கும்?

இதில் சட்டத்தை மீறித்தான் எல்லாம் நடக்கவேண்டும் என்றில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உண்டாக்கியது. பதிவில்லாத மருந்து நாட்டுக்குள் வரக்கூடாது என்றது. அதே சட்டத்தின் 109ஆம் பிரிவு, விசேட சந்தர்ப்பங்களில் வரலாம் என்றும் சொல்லிவைத்தது. இந்த நாட்டில் எந்தச் சந்தர்ப்பம் விசேடமில்லை? தட்டுப்பாட்டை வளரவிடு, பிறகு அவசரம் என்று கத்து, அவசரத்தில் வாங்கு. போதாக்குறைக்கு, அதிகாரசபையின் கணினித் தரவுகள் 2021இல் அழிந்துபோயின. எலி தின்றது என்று சொல்லவும் முடியாது, கடதாசி இல்லை.

பேராதனை ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் அங்கே மருந்தில்லாமல் சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். கொழும்புக்கு வந்திருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அந்தச் செய்தியைப் பார்த்துக் கலங்கி டுவிட்டரில் எழுதினார். நம் அமைச்சர்கள் கலங்கியதாக ஞாபகமில்லை. மறுவருடம் மருந்து வந்தது. ஏப்ரலில், மயக்க மருந்து ஏற்றிய இரண்டு நோயாளிகள் இறந்தபின் அந்த மருந்தை நிறுத்திவைத்தார்கள். ஜூலையில் அன்டிபயோட்டிக் ஊசி போட்டபின் 21 வயதுப் பிள்ளை ஒருத்தி செத்துப்போனாள். நுவரெலியாவில் கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்து கண்ணையே கெடுத்தது. மருந்து இல்லாதபோது நிறுத்திய சிகிச்சையை, மருந்து வந்தபிறகு எதை நம்பித் தொடங்குவது?

அதே பேராதனையின் மருத்துவ பீடத்துக்கு முதல் பீடாதிபதியாக இருந்தவர் சேனக பிபிலே. கண்டி டிரினிட்டி கல்லூரிப் பையன். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் தலைவராகி, நாட்டில் புழங்கிய இரண்டாயிரத்துச் சொச்சம் மருந்துகளை அறுநூறளவுக்குக் குறைத்தார். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரால் எழுது, உலக விலைமனு கேள், தரத்தைச் சோதி, மொத்தமாய் வாங்கு என்றார். உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்ட 1977ஆம் ஆண்டிலேயே கயானாவில் இறந்தார். அவரைப் போற்றிப் பேச நம் சுகாதார அமைச்சர்கள் ஒருபோதும் அலுத்ததில்லை. பேச்சுக்கு விலைமனு வேண்டாம்.

நோயாளியின் பக்கத்தில் மட்டும் எல்லாம் வெளிப்படை. 2022 ஏப்ரலில் 60 மருந்துகளின் விலை 40 சதவீதம் ஏறியதை வர்த்தமானி போட்டு அறிவித்தார்கள். கண்டிப் பெரியாஸ்பத்திரியில் “இது இங்க இல்ல, வெளியில வாங்குங்க” என்று ஒரு துண்டு தருவார்கள். அதை நீட்டினால் பாமசிக்காரர் சதம் தவறாமல் விலை சொல்வார். அரசு அதே மருந்தை யாரிடம், என்ன விலைக்கு, எந்தச் சோதனை அறிக்கையோடு வாங்கியது என்று கேட்டால் பைல் மேலிடத்தில் இருக்கும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம். முடிவு சொல்ல அவர்களுக்கு 14 வேலைநாள். ஊசிக்கு அந்தப் பொறுமை கிடையாது. பெரிய கொள்முதல் ஒப்பந்தங்களை இணையத்தில் போடுங்கள் என்று கடைசியில் சர்வதேச நாணய நிதியம் வந்து சொல்லவேண்டியிருந்தது. சொந்த வீட்டுக் கணக்கைக் காட்டவே கடன்காரன் கதவைத் தட்டவேண்டும்.

ஒன்றே ஒன்றைத் தாமாகவே வெளியிட்டார்கள். ஆட்சி மாறியபின், 2024 டிசம்பரில், ஏழைகளுக்கென்று சொல்லப்படும் ஜனாதிபதி நிதியத்திலிருந்து வைத்தியச் செலவு வாங்கிய அரசியல்வாதிகளின் பட்டியலைப் பாராளுமன்றத்தில் வாசித்தார்கள். அதில் முன்னாள் சுகாதார அமைச்சர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் துண்டு எழுதி வெளியில் வாங்கச் சொல்லவில்லை.