கொடைக்கே நாலு குழாய்தாம்ல

ஏல பேராண்டி, இங்கன வந்து உக்காரு. அந்த போனக் கீழ வை, ஓடிப் போயிறாது. பாட்டுக் கேக்கவும் படம் பாக்கவும் வீட்டுக்கு மொதமொதலா ஒரு ஸ்டீரியோ செட்டு வாங்கப் போறியாமே? ஒங்கம்மா சொன்னா. மூணு மாசமா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அதையே படிச்சிட்டுக் கெடக்கியாம். ஒங்கம்மாவப் பொண்ணு பாக்க ஒங்கப்பன் அரை நாளுதாம்ல எடுத்துக்கிட்டான்.

பட்டியலக் காட்டு பாப்போம். ஏழு, புள்ளி, ஒண்ணு, புள்ளி, நாலு. இது என்னல, சர்வே நம்பரா? சுத்தி ஏழு பெட்டி, கும்முனு அடிக்க ஒண்ணு, மச்சுல இருந்து மழை பெய்ய நாலு. ஆக பன்னெண்டு. ஒன் ஹாலு பத்துக்குப் பன்னெண்டு அடி. இத்தனையும் வச்சிட்டு நீ எங்க உக்காருவ, வாசப்படியிலயா? எங்க அம்மன் கோயில் கொடைக்கே நாலு குழாய் ஸ்பீக்கருதாம்ல. வேப்பமரத்துல ஒண்ணு, பனைமரத்துல ஒண்ணு, கோயிலுக்கு முன்னால ரெண்டு. நாப்பது வருசம் மைக் செட்டு போட்டவன் சொல்லுதேன். சாமியே அதுக்கு மேல கேட்டதில்ல.

மைக் செட்டுக்காரனுக்குப் பரீட்சை எது தெரியுமா? பாட்டுன்னு நினைக்க. இல்ல. மொய்.

ஒரு காதுகுத்து. புதுசாக் கெட்டின மண்டபம், தரையெல்லாம் சலவைக்கல்லு, நாலு பக்கமும் மொட்டைச் சுவரு. மொய் எழுதுத எடத்துல ஒருத்தர் மைக்கப் புடிச்சு, தாய்மாமன் ஐந்நூத்தி ஒண்ணுன்னு வாசிக்காரு. சொன்ன சொல்லு சுவத்துல முட்டித் திரும்பி வந்து அடுத்த சொல்லு மேல ஏறி உக்காந்துக்கிடுது. பந்தியில இருந்தவ காதுல விழுந்தது ஐம்பத்தி ஒண்ணு. அவ சும்மா இருப்பாளா? புள்ளையப் பெத்தவகிட்ட போயி, 'ஒந்தம்பி அம்புட்டுதானா'ன்னு கேட்டுட்டா. எல எடுக்குததுக்குள்ள ரெண்டு பேருக்குப் பல்லு போயிட்டு. என் ஆம்ப்ளிஃபயர் நல்ல ஆம்ப்ளிஃபயர்தான். தப்பு சுவத்துல.

அன்னையில இருந்து எங்க போனாலும் பெட்டிய எறக்குததுக்கு முந்தி ஒரு கைதட்டு தட்டிப் பாப்பேன். நீயும் ஒன் ஹால்ல நடுவுல நின்னு தட்டு. தட்டின பெறவும் கிணுகிணுனு இழுக்கா? அப்ப லட்ச ரூவா செட்டு வச்சாலும் அந்த மண்டபத்துக் கதைதான். ஜன்னலுக்குக் கனமாத் திரை போடு. தரையில பத்தமடைப் பாயி பத்தாது, ஜமுக்காளமா விரி. சுவத்தோரமா ஒரு அலமாரி நிறைய பொஸ்தகம் அடுக்கு, படிக்காட்டாலும் பரவால்ல. சத்தத்தச் சீராக்குத சாமானுல வெல கொறைஞ்சது இதுதான். இதக் கடைக்காரன் சொல்ல மாட்டான். அவன்கிட்ட ஜமுக்காளம் இல்லல்லா.

அடுத்து வாட்டு. என்ன போட்டிருக்கான்? ஆயிரம் வாட்டா? ஏல, 90-கள்ல டிபன் பாக்ஸ் தண்டி ஒரு டேப் செட்டு வரும். முன்னால தங்கக் கலர்ல ஒட்டியிருப்பான், 1000 வாட் பி.எம்.பி.ஓ.ன்னு. பின்னால அடாப்டரத் திருப்பிப் பாரு. 12 வோல்ட், 1 ஆம்பியர். பெருக்கு. 12 வாட்டு. உள்ள போறது பன்னெண்டு, வெளிய வாரது ஆயிரமாம்! அது நெசமா இருந்தா கூடங்குளம் எதுக்குல? ஆளுக்கொரு டேப்பு வாங்கி ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்திருக்கலாமே. இப்பவும் ஸ்டிக்கர் ஒட்டுதவன் இருக்கான். ஆர்.எம்.எஸ்., அதாவது நிக்காமக் குடுக்குத வாட்டு, எவ்வளவுன்னு கேளு. மூஞ்சி போற போக்குல தெரிஞ்சிரும்.

இன்னொண்ணும் கேட்டுக்கோ. 50 வாட்ட 100 ஆக்கினா சத்தம் ரெட்டிப்பாகும்னு நினைச்சிட்டு இருக்க. ஆகாது. 3 டெசிபல் கூடும். 'கொஞ்சம் ஏத்திருக்கான் போல'ன்னு காது சொல்லும், அம்புட்டுதான். ரெட்டிப்பாத் தோணணும்னா பத்து மடங்கு வாட்டு வேணும். ஆனா பெட்டிக்குப் பின்னால சின்ன எழுத்துல ஒண்ணு போட்டிருப்பான். ஒரு வாட்டு குடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்னா எத்தனை டெசிபல்னு. அது 85 உள்ள பெட்டியும் 91 உள்ள பெட்டியும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா, 91 காரனுக்குக் கால்வாசி வாட்டு போதும். கொஞ்சம் தீவனத்துக்கு நெறையக் கறக்குத மாடு. நீ வாட்டப் பாக்குத, நான் மாட்டப் பாக்கேன். 4440 ஆம்ப்ளிஃபயர் போர்டுன்னு ஒரு ரேடியோ மெக்கானிக்கிட்ட சொல்லிப் பாரு, கண்ணு கலங்கிருவான். ஒரு பக்கத்துக்கு ஆறு வாட்டுதான். அத வச்சே எத்தனை டீக்கடை கும்மாளம் போட்டுச்சு!

சரி, படத்துக்கு ரெண்டு பெட்டி பத்துமா தாத்தான்னு கேக்க. ஸ்டீரியோ எங்க பொறந்துச்சுன்னு தெரியுமா ஒனக்கு? லண்டன்ல புளூம்லைன்னு ஒரு இன்ஜினீயரு. கெட்டிக்கப் போற பொண்ணோட சினிமாவுக்குப் போனாராம். திரையில நடிகன் ஒரு கோடியில நிக்கான், பேச்சு இன்னொரு கோடியில இருந்து வருது. இதச் சரி பண்ணுதேன் பாருன்னு அந்தப் பொண்ணுகிட்ட சவடால் விட்டுட்டாரு. சவடால் விட்டா செஞ்சு காட்டணும்லா? 1931 டிசம்பர்ல காப்புரிமைக்கு எழுதிப் போட்டாரு. ரெண்டு காது, ரெண்டு பெட்டி, அம்புட்டுதான் சூத்திரம். ஸ்டீரியோங்கிறது கச்சேரியில பொறந்ததுன்னு நினைக்க நீ. அது சினிமாக் கொட்டகையில எரிச்சல்பட்டுப் பொறந்த புள்ள. நம்ம பக்கம் ப்ரியா படத்துப் பாட்டு 1978-ல ஸ்டீரியோவில வந்தப்போ, ரெண்டு பெட்டி வச்சிருந்தவன் வீட்டு வாசல்ல செருப்பு குமிஞ்சு கெடக்கும்.

ஆனா ரெண்டு பெட்டிய வைக்கத் தெரியணும். நம்ம ஆளு எப்படி வைப்பான்? ஒண்ணு பரண் மேல, எலிக்குத் தாலாட்டுப் பாட. இன்னொண்ணு அடுப்பங்கரை வாசல்ல, தோசை கேக்க. அடுப்புக் கூட்டுத மூணு கல்லு பாத்திருக்கியா? நீ ஒரு கல்லு, பெட்டி ரெண்டும் ரெண்டு கல்லு. மூணுக்கும் இடையில ஒரே தூரம். பெட்டியில உள்ள சின்ன ஸ்பீக்கரு காது மட்டத்துக்கு இருக்கணும். சுவத்துல இருந்து ஒரு முழம் முன்னால இழு. மூலையில தள்ளினா கும்மு கூடும், உண்மைதான். அந்தக் கும்முக்குள்ள பேச்சு முங்கிப் போவும். சரியா வச்சிட்டு நடுவுல உக்காந்தா, பாடுதவன் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல நிப்பான். அங்க பெட்டியே இருக்காது!

ஒரு உண்மையையும் சொல்லிருதேன். ஆறு பேரு வரிசையா உக்காந்து படம் பாக்குத வீடுன்னா, ஓரத்துல இருக்கவனுக்கு அந்த வித்தை பலிக்காது. வசனம் பக்கத்துப் பெட்டிக்கு ஓடிரும். அதுக்கு நடுவுல ஒரு பெட்டி வேணும். அது நியாயம். குண்டு வெடிக்கும்போது நெஞ்சு அதிரணும்னா சப்வூஃபரும் வேணும், சின்னப் பெட்டியால அந்த அடி முடியாது. படந்தான் முக்கியம்னு நினைச்சா ஏ.வி. ரிசீவரா வாங்கு, பெட்டிய ஒவ்வொண்ணாச் சேத்துக்கிடலாம். இப்ப ரெண்டு பெட்டி, போனஸு வந்தா நடுப் பெட்டி, கல்யாணம் முடிஞ்சு மாமனாரு கேட்டா சப்வூஃபரு. பின்னால வைக்குத பெட்டி? ஒன் சோபா பின்சுவத்தோட ஒட்டிக் கெடக்கு. பின்னாலங்கிறது பக்கத்து வீடு. அவுக சம்மதிச்சா வச்சுக்கோ.

பெட்டின்னதும் ஞாவகம் வருது. அந்தக் காலத்துல மண்பானை வாயில ஸ்பீக்கரக் கெட்டி வைப்போம். சிரிக்காத. ஸ்பீக்கரு காகிதம் முன்னால காத்தத் தள்ளும்போது பின்னால இழுக்கும். வெறும் ஸ்பீக்கராத் தொங்கவிட்டா முன்னால உள்ளதும் பின்னால உள்ளதும் கலந்து அடிச்சத்தம் அத்துப் போவும். பானை பின்னால உள்ளத அடைச்சு வைக்கும். பெட்டி பாக்குததும் அதே வேலைதான். என்ன, பானைக்கு அஞ்சு வருச வாரண்டி கெடையாது.

இதுல ஒரு கூத்து கேளு. பெருமாள்புரத்துல நம்ம சொக்காரன் பேரன் ஒருத்தன், பெரிய வெலையில செட்டு வாங்கிட்டான். போயிருந்தேன். 'தாத்தா, கும்மே இல்ல, சப்வூஃபரு ஆர்டர் போடப் போறேன்'னான். பெறகால போயி வயரப் பாத்தேன். ஒரு பெட்டியில சிவப்புல சிவப்பு, கறுப்புல கறுப்பு. இன்னொண்ணுல மாத்திக் குத்தியிருக்கான். ஒருத்தன் தள்ளும்போது இன்னொருத்தன் இழுக்கான். கொழுந்தனும் அண்ணியும் சொத்துத் தகராறுல நின்ன மாதிரி. அடிச்சத்தம் எங்க மிஞ்சும்? மாத்திச் சொருகுனேன். பயலுக்கு வாயே மூடல. சப்வூஃபருக்கு நான் வாங்கின வெல ஒரு டீயும் ரெண்டு வடையும். எந்த முனை எதுன்னு சந்தேகமா இருந்தா, பெரிய ஸ்பீக்கருக்கு ஒன்னரை வோல்ட் பேட்டரிய ஒரு நொடி தொட்டு எடு. காகிதம் முன்னால வந்தா, பேட்டரிப் பிளஸ்ஸு தொட்ட முனை பிளஸ்ஸு.

வயருக்கு என்ன எழுதிருக்க? தங்க முலாமா? ஏல, ஒங்க ஆச்சி கழுத்துல கெடக்க வேண்டியதச் சுவத்துக்குப் பின்னால ஒளிச்சு வைக்கியா? வீட்டுக்கு வயரிங் பண்ணுத 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரு, அஞ்சு மீட்டருக்குப் போக வர சேத்து ஒரு ஓம்ல பத்துல ஒரு பங்கு கூட வராது. பெட்டி எட்டு ஓம். இதுல தங்கம் என்ன கிழிக்கும்?

192 கிலோ ஹெர்ட்ஸ்னு ஒண்ணு போட்டிருக்கியே, அது யாருக்கு, வவ்வாலுக்கா? மனுசன் காதுக்கு நல்லா இருக்கும்போதே 20,000 ஹெர்ட்ஸ் வரைக்குந்தான் கேக்கும். வயசாக ஆகக் கொறையும். 1982-ல வந்த சிடியே நொடிக்கு 44,100 தடவை அளந்து எழுதுது. அதுல பாதி, 22,050 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தம் பதிஞ்சிரும். நமக்கு அதுவே மிச்சம். பாட்டு சரியாப் பதிவாகாட்டா எத்தனை கிலோ இருந்து என்ன?

கடைக்குப் போனா அவன் என்ன செய்வான்? மொதல்ல ஒரு குண்டு வெடிப்பப் போடுவான். நீ அசந்துருவ. பெறவு ரெண்டு பெட்டிய மாத்தி மாத்திப் போடுவான், விக்க வேண்டியத மட்டும் ஒரு நூல் சத்தமா. சத்தமா இருக்கது நல்லா இருக்க மாதிரியே தோணும். மனுசக் காது அப்படி. ரெண்டையும் ஒரே சத்தத்துல வைய்யின்னு சொல்லு. ஒனக்கு நூறு தடவை கேட்டுப் பழகின பாட்ட நீயே கொண்டு போ. ஒரு நாதசுரக் கச்சேரியும் எடுத்துக்கோ. தவிலுல தொப்பி ஒரு பக்கம் கனமா விழும், வலந்தலை இன்னொரு பக்கம் விரல்ல கூடு மாட்டிச் சுள்ளுனு பேசும். ரெண்டும் தனித்தனியா விளங்குதா, இல்ல ஒரே தகரமா ஒலிக்கா? கடைசியா யாராவது சும்மா பேசுத எதையாவது போடச் சொல்லு. பேசுதவன் மூக்கடைச்ச மாதிரியோ பானைக்குள்ள இருந்து பேசுத மாதிரியோ இருந்தா, ஸ்டிக்கரு எவ்வளவு பெருசா இருந்தாலும் நடையக் கெட்டு.

இந்த டிவிக்காரன் டிவிய அப்பளம் கணக்கா ஆக்கிட்டான். ஸ்பீக்கருக்கு எடமே இல்லாம அடிப்பக்கம் ஒளிச்சு வச்சிருக்கான். அதான் வசனம் தரையப் பாத்து முணுமுணுக்கு. பெட்டி வைக்க எடமே இல்லாத வீடுன்னா சவுண்ட்பாரு வாங்கிக்கோ, தப்பில்ல. பேச்சு தெளியும். ஆனா ஒரே கட்டைக்குள்ள எடமும் வலமும் ஒட்டிக் கெடக்கும், அடுப்புக் கல்லு கணக்கு வராது. டிவிக்கும் செட்டுக்கும் எச்.டி.எம்.ஐ. ஆர்க் வயரு போட்டுரு, ஒரே ரிமோட்டு போதும். ப்ளூடூத்துல போட்டா சில செட்டுல வாய் மூடின பெறவு வசனம் வரும்.

கணக்கு கேட்டியே. கையில பத்து ரூவா இருந்தா ஆறப் பெட்டிக்குப் போடு, மூண ஆம்ப்ளிஃபயருக்கு, மிச்சம் ஒண்ணு ஜமுக்காளத்துக்கும் திரைக்கும். பட்டியல எங்கிட்ட குடுத்துட்டுப் போ, பின்பக்கம் வெத்துக் காகிதமாத்தான் இருக்கு, பால் கணக்கு எழுதலாம். ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போல. பேட்டரி எங்கிட்ட இருக்கு. பஸ் காசு ஒன்னோடது.