மனசுக்கு ஒரு விசாரணை

கேள்வி: வேலை போனதிலிருந்து, 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்று மனசு ராத்திரியெல்லாம் நச்சரிக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தாலும் அதே புலம்பல். என்ன செய்ய?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அது பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி? நீங்களும் கொஞ்சம் வாயைத் திறங்கள்! டாக்டர் தொழிலை விட்டுப் போதகரான மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ், 1965-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதிய மருந்துச் சீட்டு இது. ஆதாரம், பைபிளின் 42, 43-ஆம் சங்கீதங்கள். அங்கே பாடுகிறவர் இரவும் பகலும் அழுகிறார். அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் தன் ஆத்துமாவையே கூண்டில் ஏற்றி, ஏன் இந்தக் கலக்கம் என்று விசாரிக்கிறார். கடவுளை நம்பியிரு என்று அதற்கே புத்தி சொல்கிறார். அதுவும் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை! சங்கீதக்காரர் மனசே ஒரே அதட்டலில் அடங்கவில்லை. உங்களுடையது மட்டும் அடங்கிவிடுமா? தூக்கம் தொடர்ந்து கெட்டால் டாக்டரையும் பாருங்கள். ஜெபம் கோபித்துக்கொள்ளாது.